மச்சுப் பலகையும் மழைக்காலமும்

சென்ற ஐப்பசியில் கல்பாத்தித் தேர்விழாவுக்கு நாம் சென்றிருந்தபோது, நம் சங்கத்து அன்பர் ஒருவரின் பூர்வீக இல்லத்தில் தங்க நேர்ந்தது. அன்பர் மும்பையில் உத்தியோகம் பார்ப்பவர். தமையனார் இருவரும் கடல் கடந்து வாழ்பவர். எண்பது வயதைத் தாண்டிய தாயார் மட்டும் துணைக்கு ஒரு பெண்ணுடன் அவ்வீட்டைக் காத்து வருகிறார். தேருக்கு முந்தின நாள் மாலை, பேரக் குழந்தைகளுக்குப் பாய் எடுத்து வரவென்று மச்சுக்கு ஏறிய அவ்வம்மையாரின் வலக்கால், பலகை முறிந்து முழங்கால் அளவுக்கு உள்ளே போய்விட்டது. கீழே கூடத்தில் காப்பி அருந்திக்கொண்டிருந்த நாம், தலைக்கு நேர் மேலே மரத்தூள் உதிர ஒரு பாதம் தொங்கியதைக் கண்டு பதறி எழுந்தோம்.

தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. ஆழமான சிராய்ப்பும் பத்து நாள் படுக்கையுமாகப் போயிற்று. ஆனால் அன்றிரவே சகோதரர் மூவரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டனர். பலகைகளை அடியோடு பெயர்த்துப் பழைய மரக்கடைக்கு விற்றுவிடுவது. அவ்விடத்தில் கான்கிரீட் போட்டு, மேலே ஓடுகளுக்குப் பதிலாகத் தகரம் வேய்ந்துவிடுவது. தேக்கு நல்ல விலைக்குப் போகும் என்று கணக்கும் போட்டாயிற்று. கட்டிலில் படுத்திருந்த தாயார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பலகை என்னடா பண்ணித்து? ரெண்டு கர்க்கடகமா ஓடு மாத்தணும்னு சொல்லிண்டிருக்கேன். ஆரு கேட்டா?” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் நம்மை உறங்கவிடவில்லை. நம் ஏட்டைப் படிக்கும் குடும்பங்களில் எத்தனையோ வீடுகளில் இத்தகைய மரத்தளங்கள் இருக்கின்றன. பாலக்காட்டு அக்கிரகாரங்களிலும் சித்தூர், கொல்லங்கோடு பக்கத்துப் பழைய வீடுகளிலும் மச்சாக இருக்கின்றன. மூணாறு, பீர்மேடு மலைகளில் தோட்டத்துப் பங்களாக்களின் தரையாக இருக்கின்றன. வீட்டார் வெளியூரில் இருக்க, வீடு பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே மரத்தளத்தைப் பேணும் முறை பற்றி விரிவாக எழுதலாம் எனத் துணிந்தோம்.

மச்சின் அமைப்பு எளியது. சுவருக்குச் சுவர் உத்திரங்கள், அவற்றின் குறுக்கே சிறு சட்டங்கள், சட்டங்களின்மேல் பலகைகள். நன்றாகச் செய்த இடங்களில் ஒரு பலகையின் ஓரம் நாக்குப் போல நீண்டு, அடுத்த பலகையின் ஓரத்தில் வெட்டிய காடிக்குள் புகுந்து நிற்கும். கூடத்தில் நின்று பார்ப்பவருக்கு அதுவே கூரை. மேலே நடப்பவருக்கு அதுவே தரை. மரம் பெரும்பாலும் தேக்கு. வசதிக்கேற்ப ஈட்டி, வேங்கை, மருது, ஆஞ்சிலி ஆகியவற்றையும் காணலாம்.

அம்மரங்கள் வந்த வழியையும் சிறிது எண்ணிப் பார்க்கத் தகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரம்பிக்குளம் காடுகளின் தேக்கும் ஈட்டியும் கொச்சி அரசின் டிராம் பாதை வழியே சாலக்குடிக்கு இறங்கின. நிலம்பூரில் 1840-களிலேயே மலபார் கலெக்டராயிருந்த கனோலியின் முயற்சியாலும், அவருக்குக் கீழ்ப் பணியாற்றிய சாத்து மேனனின் உழைப்பாலும் தேக்கு பயிராகவே வளர்க்கப்பட்டது. பரம்பிக்குளத்தில் இன்றும் நிற்கும் கன்னிமாராத் தேக்கின் அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். அத்தகைய காட்டுத் தேக்கு இனி நம் கைக்கு வரப்போவதில்லை. பெயர்த்து விற்ற பலகையைத் திரும்ப வாங்க நினைத்தாலும் அதே மரம் கிடைக்காது. இதைச் சகோதரர்களிடம் சொன்னோம். அப்போது அவர்கள் மறுமொழி சொல்லவில்லை.

வன்மரம், மென்மரம் என்று நூல்கள் பிரிப்பது வன்மையை வைத்து அன்று. அகன்ற இலை மரங்களை எல்லாம் வன்மரம் என்றும், தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களை மென்மரம் என்றும் வழங்குகின்றனர். அக்கணக்கின்படி, விரலால் அழுத்தினாலே பள்ளம் விழும் பால்சா மரமும் வன்மரமே! நம் தச்சர்களுக்கு இந்தப் பிரிவு தேவைப்படவில்லை. அவர்கள் பார்ப்பது வைரமா, வெள்ளையா என்பது ஒன்றே. அடிமரத்தின் நடுவில் இறுகிக் கறுத்த பகுதி வைரம். பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி வெள்ளை. தேக்கின் வைரத்தில் ஊறிக் கிடக்கும் எண்ணெய்ப் பொருள்களே கறையானை விலக்குகின்றன. வெள்ளையில் அவை இல்லை. ஆதலால் தேக்கே ஆனாலும் வெள்ளைப் பகுதி உளுத்துப் போகும். ‘தேக்கு வாங்கினேன், பூச்சி அரித்துவிட்டது’ என்று குறைப்படுபவர் பெரும்பாலும் வெள்ளை கலந்த இளமரத்தை வாங்கியவரே.

இனி நீரின் கதைக்கு வருவோம். வெட்டிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதுமாகவே இருக்கிறது. உறிஞ்சினால் அகலத்தில் பருக்கும், விட்டால் சுருங்கும். நீளத்தில் மாற்றம் மிகச் சொற்பம். இந்த விளையாட்டு பாலக்காட்டில் போல் வேறெங்கும் நடப்பது அரிது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டிருக்கும் கணவாய் அல்லவா நம்முடையது! ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதே வழியாகச் சுழன்றடிக்கிறது. உதடு வெடிக்கும் அந்நாளில் பலகையும் சுருங்கி இடைவெளி காட்டும். ஆடியில் அந்த இடைவெளி தானே மூடிக்கொள்ளும்.

இதை அறியாமல் நாமும் ஒரு காலத்தில் ஏமாந்தோம். தை மாதத்தில் நம் வீட்டு மச்சில் பலகைகளுக்கிடையே காசு நுழையும் அளவு சந்து கண்டு, பாலிஷ் வேலைக்காரர் ஒருவரை அழைத்து மக்கு வைத்து அடைத்துவிட்டோம். மேலே கண்ணாடி போலப் பளபளக்கும் வார்னிஷும் பூசினார். ஆடி வந்ததும் பருக்க இடமின்றிப் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் முதுகு தூக்கிக்கொண்டன. மக்கு பிதுங்கி வெளியே வந்தது. வார்னிஷ் செதில் செதிலாக உரிந்தது. தேக்கின் எண்ணெய்ப் பசை மேற்பூச்சைப் பற்றவிடாது என்பதும், பூசுமுன் தின்னர் தோய்த்த துணியால் துடைத்தாக வேண்டும் என்பதும் பின்னரே தெரிந்துகொண்டோம். தையில் தெரியும் சந்தை அப்படியே விட்டுவிடுங்கள். தூசி விழுகிறதே என்றால் மெல்லிய தூரிகையால் கூட்டி எடுங்கள்.

கல்பாத்தி வீட்டுக்குத் தேர் முடிந்த மறுநாளே சித்தூர்ப் பக்கத்து மூத்தாசாரி ஒருவரை அழைத்துச் சென்றோம். அவர் கொண்டு வந்த கருவிகள் ஒரு கூரிய தமர் ஊசி, ஒரு சிறு சுத்தியல், ஒரு கைவிளக்கு ஆகிய மூன்றே. மச்சின் நடுவை அவர் பார்க்கவில்லை. நேரே உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குப் போய், ஊசியால் குத்திப் பார்த்தார். வைரமுள்ள நல்ல மரத்தில் ஊசி நுனி மட்டுமே ஏறும். கெட்ட மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். பிறகு பலகைகளைத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் பொத்தென்று மாறியது. அங்கே நின்று மேலே நோக்கினார். நேர் மேலே ஓர் ஓடு விரிந்து, அதன் வழியே வானம் தெரிந்தது!

மரம் அழுகுவது தானாக அன்று. காளான் இனத்து நுண்ணுயிர் அதை உண்கிறது. அவ்வுயிர் தழைக்க ஈரம் வேண்டும். மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் ஈரம் தங்காதவரை அது ஒன்றும் செய்ய இயலாது. எனவேதான் நூறாண்டு நின்ற மச்சு, ஓர் ஓடு உடைந்தபின் இரண்டே மழையில் முறிகிறது. தேங்காய் விழுந்தோ, குரங்கு தாவியோ, மயில் இறங்கியோ ஓடு நகர்கிறது. வீட்டில் ஆள் இருந்தால் சொட்டும் இடத்தில் பாத்திரம் வைத்து, மறுநாள் ஓட்டைத் திருத்துவார்கள். பூட்டிய வீட்டில் சொட்டுவது சொட்டிக்கொண்டே இருக்கும். வெளியூரில் வாழும் அன்பர்கள் வைகாசி முடிவதற்குள் ஓட்டு வேலைக்காரரை ஏற்றிக் கூரையைப் பார்க்கச் செய்வதே மரத்தளத்துக்குச் செய்யும் முதற் பணிவிடை. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூத்தாசாரியின் கணக்கில் அந்த மச்சு முழுவதிலும் கெட்டவை ஐந்து பலகைகளும் ஓர் உத்திரத்தின் முனையுமே. “மத்ததெல்லாம் இன்னும் ரெண்டு தலைமுறைக்கு நிக்கும் அம்மா” என்றார் அவர். கட்டிலில் இருந்தபடியே அம்மையார் மகன்களை ஒருமுறை பார்த்தார்.

பூச்சிகளைப் பற்றியும் கூறியாக வேண்டும். கறையான் நிலத்திலிருந்து சுவரோரமாக மண்குழல் கட்டிக்கொண்டு மேலேறுகிறது. அக்குழலைத் தட்டி உதிர்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். புற்று மண்ணுக்குள் அப்படியே இருப்பதால் மறுவாரமே புதுக்குழல் தோன்றும். அடித்தளத்து மண்ணுக்கு மருந்திடுவதே வழி. அதை அத்தொழில் அறிந்தவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். பழைய பெரியவர்கள் இன்றும் ஆல்ட்ரின் கேட்டுக் கடைக்குப் போகின்றனர். அந்நஞ்சு மனிதர்க்கும் கேடு என்பதால் இந்தியாவில் தடை செய்யப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகின்றன. எங்கேனும் பழைய புட்டி கிடந்தாலும் தொடாதீர்கள். உளுவண்டின் வேலை வேறு விதம். ஊசித்துளை போன்ற சிறு ஓட்டைகளும், அவற்றின் கீழே முகத்துக்குப் பூசும் மாவு போன்ற தூளும் காணப்படும். தூளைத் துடைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். மறுபடி தூள் விழுந்திருந்தால் உள்ளே உயிருள்ள புழு இருக்கிறது. இல்லையெனில் அது பழைய வடு. மெழுகோ வார்னிஷோ ஏறாத மரத்தில் போரிக் காரக் கரைசல் நன்றாக ஊறி வேலை செய்யும். ஆனால் நீர் பட்டால் கரைந்துபோகும். மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டுகிறோம். நாற்றமும் தீ அபாயமும் மிஞ்சும். பூச்சி ஆழத்தில் சுகமாயிருக்கும். கேரளத்தில் கைமரங்களுக்குப் பூசும் முந்திரித் தோட்டு எண்ணெய் நல்ல காப்புத்தான். ஆனால் கையில் பட்டால் கொப்புளிக்கும். நாம் நடக்கும், படுக்கும் பரப்புக்கு அது ஏற்றதன்று.

அன்றாடப் பராமரிப்புக்கு வருவோம். தரை என்றால் குடம் குடமாக நீர் ஊற்றிக் கழுவினாலொழிய நம் தாய்மார்களுக்கு மனம் நிறைவதில்லை. கீழ்த்தரையில் அது பொருந்தும். மச்சில் ஊற்றும் நீர் சந்து வழியே இறங்கி, சட்டத்துக்கும் பலகைக்கும் இடையில் தங்கிவிடும். நன்றாகப் பிழிந்த துணியால் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே துடைத்து, உடனே உலர் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். அதற்கு முன்பு கூட்டுவது மிக அவசியம். மணல் துகளின்மேல் நடப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும். ஏணிப்படி அடியில் ஒரு கயிற்றுமிதியடி, கட்டில் கால்களுக்குக் கம்பளித் துண்டு, விளக்குக்குக் கீழே ஒரு பித்தளைத் தட்டு — இவை மூன்றும் பெரிய செலவில்லாத காவலர்கள். விளக்கெண்ணெய் சிந்திவிட்டால் சுண்ணக்கட்டித் தூளைக் குவித்து ஓரிரவு விட்டு எடுங்கள். ஆணியைச் சுற்றிப் படரும் கருநீலக் கறை அழுக்கன்று. ஈரத்தில் இரும்பும் மரத்தின் துவர்ப்பும் கூடி விளைவது. தேய்த்தால் போகாது. ஆக்சாலிக் அமிலக் கரைசலுக்குப் போகும். ஆனால் அது நஞ்சு. கையுறையின்றித் தொடலாகாது, குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திருக்கலாகாது.

மங்கிப்போன தளத்துக்கு மெருகேற்ற விரும்புவோர் வறண்ட நாட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 என்று இழையோட்டமாகத் தேய்த்துத் தூசியைத் துடைக்கவும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் சரிபாதி டர்ப்பன்டைன் கலந்து துணியால் தடவி, கால் மணி நேரம் கழித்து மரம் குடிக்காது விட்ட மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட வேண்டும். மிச்சம் நின்றால் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். ஓரிரு நாள் உலர்ந்தபின் மறுபூச்சு. இவ்வாறு மூன்று முறை. பின்னர் தேன்மெழுகை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கி, அடுப்பை விட்டு வெகுதூரம் கொண்டுபோன பிறகே டர்ப்பன்டைன் சேர்த்துக் களிம்பாக்கி, மிக மெல்லியதாகப் பூசித் தேங்காய் மட்டையால் தேய்க்கலாம். ஏணிப்படிக்கும், முதியோர் நடக்கும் இடத்துக்கும் மெழுகு வேண்டாம்; வழுக்கும்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது காற்றோடு சேர்ந்து சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழியின்றி, நெருப்புப் பொறி எதுவும் படாமலேயே துணி தானாகத் தீப்பற்றும். மரவீட்டில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. கந்தைகளை நீரில் அமிழ்த்தி வையுங்கள், அல்லது முற்றத்துக் கொடியில் ஒவ்வொன்றாக விரித்து உலரவிடுங்கள்.

இடுக்கி மலைப்பகுதி அன்பர்களின் நிலை வேறு. லயங்களில் வாழ்ந்த நம் தொழிலாளர் குடும்பங்களுக்குக் காலின்கீழ் மரத்தளம் வாய்க்கவில்லை. ஆனால் துரைமார் பங்களாக்களின் மரத்தளங்களைத் தலைமுறை தலைமுறையாகத் துடைத்து மெருகிட்டவர்கள் அக்குடும்பத்துப் பெண்மணிகளே. இன்று அத்தகைய பழைய வீடுகள் சிலவற்றில் நம்மவர்கள் விருந்தினர் விடுதி நடத்துகின்றனர். மூணாற்றில் தளம் கெடுவது மேலிருந்தன்று, கீழிருந்து. தரைக்கு மேலே எழுப்பிக் கட்டிய அப்பங்களாக்களில் தளத்துக்கு அடியில் காற்றோடும் வெளியும், சுவரில் அதற்கான துளைகளும் வைத்திருப்பார்கள். பூச்செடிக்கு மண் போட்டும், விறகு அடுக்கியும் அத்துளைகளை அடைத்துவிட்டால் உள்ளே ஈரம் நின்று சட்டங்கள் அழுகும். தளத்தை எத்துணை மெருகிட்டாலும் அதை மாற்ற முடியாது. துளைகளைத் திறந்து, எலி புகாதிருக்கக் கம்பிவலை அடித்துவிடுங்கள். கணப்பு எரியும் அறையில் மட்டும் பலகை விலகியிருப்பது இயல்பு. அதற்கும் மக்கு வேண்டாம்.

வெள்ளம் புகுந்த வீடுகளைப் பற்றி ஒரு சொல். 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் ரயில் பாதையையே அடித்துச் சென்றதை முதியோர் சொல்லக் கேட்டவர்கள் நம்மில் உண்டு. 2018 ஆகஸ்டில் மலம்புழை அணை திறந்து கல்பாத்தி ஆறு கரை புரண்டதையும், முதிரப்புழை மூணாற்றுக்குள் புகுந்ததையும் நாமே கண்டோம். அப்போது பலர் செய்த பிழை அவசரம். சேற்றை நல்ல நீரால் உடனே கழுவுவது சரி. ஆனால் தீ மூட்டியோ கடும் வெயிலில் போட்டோ உலர்த்தினால் பலகை வெடிக்கும். அங்கங்கே ஒரு பலகையைக் கழற்றி, சன்னல்களைத் திறந்து, மின்விசிறி வைத்து வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். அடிப்புறம் ஈரமாயிருக்கும்வரை பலகை ஓரங்கள் தூக்கிக் குழிந்தே நிற்கும். அப்போதே இழைத்துச் சமன் செய்தால், முழுதும் உலர்ந்தபின் நடுப்பகுதி மேடாகிவிடும். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட வைப்பார் எவரும் இல்லை.

புதிய அடுக்ககங்களில் மரத்தளம் என்று பெயரிட்டு விரிப்பவற்றில் பல, மரநார் அட்டையின்மேல் மரம் போல அச்சிட்ட தாள் ஒட்டியவை. துடைக்க எளிது, நீர் புகுந்தால் உப்பும், இழைத்துப் புதுப்பிக்க வழியில்லை. வாங்குமுன் ஒரு துண்டின் குறுக்குவெட்டைக் கேட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். குளிர்நாடுகளில் ஓக் மரத்தளங்களில் வாழும் பிள்ளைகளுக்கும் பருவக் கணக்கு பெரும்பாலும் இதுவே. வெப்பமூட்டி எரியும் பனிக்காலமே அவர்களுடைய வறண்ட காலம். கழுவக்கூடாது என்ற விதி அங்கும் இதுவே.

கல்பாத்தி வீட்டில் தை பிறந்து இரண்டாம் வாரம் வேலை தொடங்கிற்று. ஓடுகளை முதலில் மாற்றினார்கள். உத்திரத்தின் அழுகிய முனையை அறுத்து, அதே கனத்தில் பழைய தேக்குத் துண்டு சேர்த்து, இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கினார் மூத்தாசாரி. சுவர்க்குழியில் முனையைச் சுற்றிச் சிமெண்ட் பூசி அடைக்க வந்த கொத்தனாரைத் தடுத்து, காற்றுக்கு விரற்கடை இடம் விடச் செய்தார். ஐந்து பலகைகளும் அன்பர் விற்க நினைத்த அதே பழைய மரக்கடையிலிருந்து வந்தன! வறண்ட காற்று வீசும் நாளாதலால் பலகைக்குப் பலகை ஒரு மெல்லிய காசின் கனத்துக்குச் சந்து விட்டே பதித்தார். எண்ணெய் இப்போது வேண்டாம், புதுப்பலகை வீட்டுக் காற்றுக்குப் பழகட்டும், மாசி கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிக் கருவிகளைக் கட்டினார்.

அம்மையார் மறுநாள் கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலேறினார். துணைப் பெண் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே பின்னால் போனாள். புதிய பலகைகளின்மேல் அவர் ஒரு முறை குறுக்கே நடந்து பார்த்தார்; பிறகு கழுத்தை நிமிர்த்தி ஓட்டைப் பார்த்தார். கீழே இறங்கியதும் மும்பைக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த வைகாசிக்கு ஓட்டு வேலைக்காரரை யார் அழைப்பது என்பதே பேச்சு.